கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நிற்கிறதா? குற்றவாளி யார்?

உப்புக் காற்றா? மின்சாரமா? சூடா? ராமேசுவரம் கடற்கரை சொல்லும் பாடம்

பாம்பனில் ஒரு மீனவர் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அண்ணன் கல்லூரிக்குப் போகிறான். தங்கை 12-வது வகுப்புப் படிக்கிறாள். இருவருக்கும் அந்த ஒன்றுதான்.

இரவு 9 மணி. தங்கை ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டு இருக்கிறாள். பெயர் எழுதியாகிவிட்டது. முகவரி எழுதியாகிவிட்டது. போட்டோவும் ஏற்றியாகிவிட்டது. கடைசிப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

திடீரென்று திரை நீல நிறமாக மாறியது! ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள் தோன்றின. கம்ப்யூட்டர் அணைந்தது. பிறகு தானாகவே உயிர் பெற்றது. எழுதியது எல்லாம் போய்விட்டது!

"அண்ணே, மறுபடியும் செத்துப்போச்சு!"

"நீ எதையாவது அமுக்கியிருப்பே."

"நான் ஒண்ணும் அமுக்கல. சும்மா இருக்கும்போதே போகுது!"

வலையைச் சரிசெய்துகொண்டு இருந்த அப்பா தலையை நிமிர்த்துகிறார். "கடைக்குக் கொண்டுபோனா எவ்வளவு கேப்பாங்க?" என்கிறார்.

அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எது கெட்டுப்போனது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்பதே அது.

இந்தக் கேள்வியைக் கேட்காததால், நல்ல உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்ட உறுப்பை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் பலர்!

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்றவேண்டிய காலம் இது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதல் காரணம்: "விண்டோஸ் 10" என்ற இயக்க முறைக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அடுத்த பதிப்பு ஏறாது. அதனால், கம்ப்யூட்டர் தகராறு செய்தால், "இது பழசு, புதுசு வாங்கிவிடுங்கள்" என்று சொல்வது சுலபமாகிவிட்டது.

இரண்டாவது காரணம்: 2025-ம் ஆண்டின் கடைசியில் "ரேம்" என்னும் நினைவகச் சில்லுகளின் விலை உலகம் முழுவதும் கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் அந்தச் சில்லுகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியதே காரணம். அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, வீட்டு உபயோகத்துக்கான "குரூஷியல்" ரேம் வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தே விட்டது!

ஆகவே, "ரேமை மாற்றிப் பார்க்கலாம்" என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஒரு தவறான யூகத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கிற விலை கூடிவிட்டது.

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் இன்று பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல. 2011-ம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லேப்டாப் நுழைந்தது. 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

கொடுப்பது ஒரு நாள் வேலை. அதைக் கெடாமல் வைத்திருப்பது பல ஆண்டு வேலை. அதிலும் ராமநாதபுரம் கடற்கரையில்!

இரும்பைத் தின்னும் காற்று

மண்டபத்தில் இருந்து தனுஷ்கோடி வரை ஒரு முறை போய்வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே சைக்கிள் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜன்னல் கம்பி பொரிந்து உதிரும். பூட்டுக்குள் சாவி திரும்ப மறுக்கும்.

பழைய பாம்பன் ரெயில் பாலம் 1914-ம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. அதன் தூக்குப் பகுதியை உப்பு அரித்துப் பலவீனப்படுத்தியதால், 2022 டிசம்பரில் அதில் ரெயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறக்கப்பட்டது. புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தி, அரிப்பைத் தடுக்கும் விசேஷ வண்ணமும் பூசியிருக்கிறார்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலோகங்களை உப்புக் காற்று எப்படி அரிக்கிறது என்பதை ஆராய்வதற்கு அந்த நிலையத்தார் தேர்ந்தெடுத்த இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து, எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து பார்ப்பதற்கு ஏற்ற இடம் அது!

பாலத்தின் இரும்புச் சட்டத்தையே தின்னுகிற காற்று, கம்ப்யூட்டரின் மெல்லிய செம்புக் கோட்டை விட்டுவைக்குமா?

அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் கலக்கின்றன. நீர் வற்றிவிடும். உப்புத்தூள் மிஞ்சும். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கம்ப்யூட்டருக்குள் சூட்டைத் தணிக்க ஒரு விசிறி சுற்றுகிறது அல்லவா? அந்த விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் உப்பும் உள்ளே போகின்றன.

உலர்ந்த உப்பினால் உடனே கேடு இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசவென்று ஆவதைத் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம், அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிய வைத்துவிடும்.

அப்படிக் கசிந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். போகக்கூடாத பாதையில் மின்சாரம் போகும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கவேண்டிய முனைகளுக்கு நடுவே மெல்லிய படலம் உண்டாகும். அப்போது கம்ப்யூட்டர் ஒரு நேரம் ஓடும். ஒரு நேரம் நிற்கும். காரணம் புரியாமல் வீட்டார் திகைப்பார்கள்.

ஆனால், எல்லாப் பழியையும் உப்பின்மேல் போட்டுவிடுவதும் தவறு. சந்தேகத்துக்கு உரிய ஆசாமிகள் இன்னும் பலர் உண்டு.

இயந்திரமா? புரோகிராமா?

முதலில் தீர்க்கவேண்டிய சந்தேகம் இது.

2024 ஜூலை 19-ந்தேதி உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. விமானங்கள் தாமதமாயின. இந்தியாவில் சில விமான நிலையங்களில் "போர்டிங் பாஸ்" சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒரு உறுப்புகூடக் கெடவில்லை. "கிரவுட்ஸ்டிரைக்" என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தவறான கோப்புதான் காரணம்.

அதே ஆண்டில் இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்றும் நடந்தது. இன்டெல் கம்பெனியின் 13-வது, 14-வது தலைமுறைப் பிராசசர்கள் சில, விளையாட்டுப் புரோகிராம்களை ஓட்டும்போது நின்றுபோயின. "வீடியோ நினைவகம் போதவில்லை" என்று திரையில் செய்தி வந்தது. அதைப் படித்தவர்கள் வீடியோ கார்டைச் சந்தேகித்தார்கள்.

உண்மையில் வீடியோ கார்டு நிரபராதி! பிராசசருக்கு அளவுக்கு மீறிய மின்அழுத்தம் போனதுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. திருத்தம் அனுப்பியது. உத்தரவாத காலத்தையும் 2 ஆண்டு நீட்டியது. ஆனால் ஏற்கனவே பழுதுபட்ட பிராசசரை அந்தத் திருத்தத்தால் குணப்படுத்த முடியவில்லை. மாற்றத்தான் வேண்டியிருந்தது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் இருந்து ஒன்று தெரிகிறது. திரையில் வரும் செய்தி ஒரு சாட்சி மட்டுமே. சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

ஒரே ஒரு புரோகிராமைத் திறக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் நிற்கிறதா? புதிதாக எதையோ ஏற்றிய நாளில் இருந்து நிற்கிறதா? அப்படியானால் புரோகிராமைச் சந்தேகிக்கலாம். எதைச் செய்தாலும், எதுவும் செய்யாமல் இருந்தாலும் நிற்கிறதா? அப்படியானால் உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்துக்கு உரிய 5 பேர்

முதல் ஆசாமி, மின்சாரம்.

இந்தியாவில் வீட்டுக்கு வரவேண்டிய மின்அழுத்தம் 230 வோல்ட். கம்பி வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில், பக்கத்தில் மோட்டார்கள் ஓடும்போது இது இறங்கிவிடுவது உண்டு. கம்ப்யூட்டரில் உள்ள "எஸ்.எம்.பி.எஸ்." என்ற பெட்டி இந்த மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிறது. 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் குறையக் கூடாது, 12.6-க்கு மேல் போகக் கூடாது. பெட்டிக்கு வயதாகிவிட்டால் இந்த அளவு தள்ளாடும்.

எந்தச் செய்தியும் இல்லாமல், விளக்கை அணைத்தாற்போல் பட்டென்று அணைந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். சுவர் பிளக்கில் இருந்து ஆரம்பியுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா? யு.பி.எஸ். பேட்டரி செத்துவிட்டதா? எர்த் சரியாக இருக்கிறதா? உலர்ந்த மணலில் எர்த் சரியாக வேலை செய்யாது. இதை எலெக்ட்ரீசியனிடம் சொல்லிச் சோதிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை! எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டாவது ஆசாமி, சூடு.

பிராசசரின் சூடு சுமார் 100 டிகிரியை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் தற்காப்புக்காக அணைந்துவிடும். விசிறியில் தூசி அடைத்திருக்கும். அல்லது பிராசசருக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவே பூசிய பசை காய்ந்திருக்கும்.

இதை அடையாளம் காண்பது சுலபம். விடியற்காலையில் நன்றாக ஓடும். மத்தியானத்தில் நிற்கும். போட்ட 20 நிமிஷம் கழித்து நிற்கும். உடனே போட்டால் சீக்கிரமே மறுபடி நிற்கும். அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

மூன்றாவது ஆசாமி, ரேம்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு செய்தியோடு நீலத்திரை வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். ரேமில் ஒரே ஒரு புள்ளி தடம் மாறினாலும் விளைவு விபரீதம்தான்.

2003-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு தேர்தல் நடந்தது. ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுகள் கூடுதலாக விழுந்ததாகக் கம்ப்யூட்டர் காட்டியது! இருக்கக்கூடிய ஓட்டுகளை விட அதிகமாக இருந்ததால் குட்டு வெளிப்பட்டது. நினைவகத்தில் ஒரே ஒரு புள்ளி பூஜ்யத்தில் இருந்து ஒன்றாக மாறியிருக்கிறது. விண்வெளியில் இருந்து வரும் கதிர் தாக்கியிருக்கலாம் என்று கருதினார்கள்.

ரேமைச் சோதிக்க விண்டோசிலேயே ஒரு சோதனை இருக்கிறது. "மெம்டெஸ்ட்" என்ற இலவசப் புரோகிராமும் உண்டு. இரவு படுக்கும்போது போட்டுவிட்டால் காலையில் முடிவு தெரியும். ஒரு பிழை வந்தாலும் சந்தேகம் பலமாகிறது.

நான்காவது ஆசாமி, ஹார்டு டிஸ்க்.

கோப்பைத் திறக்கும்போது நெடுநேரம் உறைந்து நிற்கும். "டக், டக்" என்று ஓசை வரும். திறந்த கோப்பு உடைந்துபோனதாகச் சொல்லும். இது ஆபத்தான அடையாளம். மற்ற உறுப்பு போனால் பணம்தான் போகும். டிஸ்க் போனால் குழந்தையின் முதல் போட்டோ போகும், படிப்புச் சான்றிதழ் போகும், கணக்கு வழக்குப் போகும்! டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. அதைப் படித்துச் சொல்லும் இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன.

ஐந்தாவது ஆசாமி, சின்னஞ்சிறு பேட்டரி.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் கடிகாரம் தவறும். தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாங்கி, பள்ளிக்கூட இணையதளங்கள் திறக்க மறுக்கும். செலவு மிகக் கொஞ்சம். ஆனால் இதற்காகவே கம்ப்யூட்டரை மூலையில் போட்டவர்கள் உண்டு.

இந்த ஐந்து பேரோடு ஆறாவதாக எறும்பையும் பல்லியையும் சேர்த்துக்கொள்ளலாம்! இது வேடிக்கைப் பேச்சு அல்ல. 1947 செப்டம்பர் 9-ந்தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் "மார்க் 2" கம்ப்யூட்டர் தகராறு செய்தது. திறந்து பார்த்தார்கள். ஒரு விட்டில்பூச்சி உள்ளே சிக்கிச் செத்துக்கிடந்தது! அதை எடுத்துக் குறிப்பு நோட்டில் ஒட்டிவைத்தார்கள். அந்த நோட்டு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புது ரேம் போட்டதும் சரியாகிவிட்டதே!

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் இது மிகவும் முக்கியம்.

ஒருவர் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோகிறார். கடைக்காரர் பழைய ரேமைக் கழற்றுகிறார். புதிய ரேமை மாட்டுகிறார். கம்ப்யூட்டர் ஜோராக ஓடுகிறது. "பாத்தீங்களா அண்ணே, ரேம்தான் போயிருக்கு" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவரும் நம்புகிறார்.

ஆனால் நடந்தது என்ன?

ரேமின் முனைகளிலும், அதை மாட்டும் பள்ளத்திலும் உப்புப் படலம் படிந்திருந்தது. ரேமைக் கழற்றி வேறொன்றை அழுத்தி மாட்டியபோது, உரசலில் பள்ளத்தில் இருந்த படலம் தேய்ந்து போய்விட்டது. தொடர்பு சரியாகிவிட்டது. புது ரேமினால் மட்டும் அல்ல, கழற்றி மாட்டியதாலேயே குணமாகியிருக்கலாம்!

பழைய ரேமைத் துடைத்து மாட்டியிருந்தாலும் ஓடியிருக்கக்கூடும். சில மாதம் கழித்து மறுபடி உப்பு படியும். மறுபடி நிற்கும். "புது ரேமும் போய்விட்டது" என்பார்கள். இந்தத் தடவை மதர்போர்டின்மேல் பழி விழும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. புதியதை மாட்டி ஓடியதும், பழையதைத் துடைத்துத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். பழையதைப் போட்டால் நிற்கிறது, புதியதைப் போட்டால் ஓடுகிறது என்று இரண்டு மூன்று தடவை தெரிந்தால்தான் ரேம் குற்றவாளி. பழையதும் ஓடினால், அது நிரபராதி. பணம் மிச்சம்!

வைத்தியர் ஒரே சமயத்தில் நான்கு மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கினால், எந்த மருந்து இறக்கியது என்று சொல்ல முடியுமா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன செய்துகொண்டு இருந்தபோது நின்றது, திரையில் என்ன வந்தது, மழையா, வெயிலா, மின்சாரம் வந்து போனதா என்று எழுதுங்கள். நீலத்திரையைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும்.

அடுத்து, முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிறகு செலவில்லாத சோதனைகள். வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். வேறு வயர் போட்டுப் பாருங்கள். அச்சு இயந்திரம், பென் டிரைவ் முதலியவற்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பிறகு சுத்தம். மேசைக் கம்ப்யூட்டரைப் பிளக்கில் இருந்து பிடுங்கிவிடுங்கள். பொத்தானைச் சிறிது நேரம் அமுக்கிப் பிடியுங்கள். மேல்மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. வாயால் ஊதக் கூடாது. எச்சில் தெறிக்கும்.

ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் முனைகளைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். ரப்பர்த் துகள் ஒட்டாமல் தட்டிவிடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். முனையில் பூசிய தங்கம் முடியைவிட மெல்லியது. அது போனால் அடியில் உள்ள உலோகம் வேகமாக அரிக்கும்.

இரண்டு ரேம் இருந்தால், ஒன்றை மட்டும் மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். மறுநாள் மற்றொன்று.

லேப்டாப்பைத் திறப்பது கடினம். உத்தரவாதம் உள்ளதைத் திறக்கவே கூடாது. அதைக் கம்பெனிச் சேவை நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைக்குப் போனால் கேட்கவேண்டியவை

நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்தால் மகிழ்ச்சி அடைவார். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

"எந்தச் சோதனை செய்து இந்த உறுப்புக் கெட்டது என்று கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். "பழையதைத் திரும்ப மாட்டிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய உறுப்பைத் திரும்பக் கேளுங்கள். ரசீது கேளுங்கள். அதில் உறுப்பின் பெயரும் உத்தரவாத காலமும் எழுதியிருக்க வேண்டும்.

ரசீது இருந்தால் பிறகு வழக்குக்குப் பலம் உண்டு. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடற்கரை வீட்டுக்கு 4 யோசனைகள்

கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். காற்று நேராக அடிக்காத உள்சுவர் ஓரம் நல்லது.

ஓடாதபோது துணியால் மூடுங்கள். ஓடும்போது மூடாதீர்கள். சூடு ஏறிவிடும்.

மாதக்கணக்கில் அணைத்துப் போடாதீர்கள். அவ்வப்போது ஓட்டினால் உள்ளே வெதுவெதுப்பு உண்டாகி ஈரம் விலகும்.

லேப்டாப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். 3 மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்கள்.

படகில் உள்ள ஜி.பி.எஸ். கருவி கடல் நடுவிலும் வேலை செய்கிறதே என்று கேட்கலாம். கடலுக்காகவே செய்யப்பட்ட கருவிகளைத் தண்ணீர் புகாதபடி மூடி முத்திரையிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பலகைகள்மேல் மெல்லிய பிசின் பூசுவதும் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கவசம் இல்லை. கவனிப்புத்தான் அதற்குக் கவசம்.

ராமேசுவரத்துப் பிள்ளை கற்ற பாடம்

1979 ஆகஸ்டு 10-ந்தேதி. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் புறப்படத் தயாராக நின்றது. திட்ட இயக்குனர், ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம்.

புறப்படுவதற்குச் சில நிமிஷங்கள் முன்பு கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கோளாறு என்றது. நிபுணர்கள் கணக்குப் பார்த்தார்கள். "பரவாயில்லை, போகலாம்" என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை அனுப்பினார்.

முதல் கட்டம் நன்றாக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் தடுமாறியது. வங்காள விரிகுடாவில் விழுந்தது!

கலாமும் அவருடைய சகாக்களும் ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டு இருக்கவில்லை. எது கெட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். கடைசியில் கண்டுபிடித்தார்கள். ஒரு வால்வில் அழுக்குச் சிக்கியிருந்தது. அதனால் அது மூடவில்லை. திரவம் கசிந்து போய்விட்டது. அவ்வளவுதான்!

அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18-ந்தேதி அதே வகை ராக்கெட் ரோகிணியை வானத்தில் நிறுத்தியது.

ராக்கெட்டைக் கடலில் தள்ளியது கொஞ்சம் அழுக்கு. பாம்பன் வீட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்துவதும் கொஞ்சம் உப்பாக இருக்கலாம். அல்லது தளர்ந்துபோன ஒரு வயராக இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது.

அந்தத் தங்கை இன்று இரவு மறுபடியும் விண்ணப்பத்தை எழுதத்தான் போகிறாள். அதற்கு முன்பு அண்ணன் அந்த நீலத்திரையைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளட்டும். அப்பா பணப்பையைத் திறப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.